சித்தி எடுத்த சீட்டு

நான் தொடக்கநிலை நான்கில் படித்த வருடம், ஜூன் விடுமுறை தொடங்கிய இரண்டாம் நாள், சித்தப்பா தன் மகளைப் பிடோக்கிலிருந்து எங்கள் புக்கிட் பாத்தோக் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவளை விட்டுவிட்டு, அம்மா போட்டுக் கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். சித்திக்கு உடம்பு சரியில்லை, அதனால் அவள் கொஞ்ச நாள் நம்மோடு இருப்பாள் என்று அம்மா என்னிடம் சொன்னார்.

சித்தி மகள் என்னைவிட ஐந்து மாதம்தான் சின்னவள். அந்த ஐந்து மாதத்தை நான் வீணாக்கியதே இல்லை. அக்கா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன் என்று எப்போதோ சட்டம் போட்டிருந்தேன். அவளும் மறுபேச்சில்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சித்திக்கு என்ன உடம்பு என்று நான் கேட்கவில்லை. அதற்கு முன் சில மாதங்களாக வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த 'வரப்போகிற பாப்பா'வைப் பற்றிய பேச்சு திடீரென்று நின்றுபோனதையும் நான் கவனிக்கவில்லை. அந்தக் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது என்பதும், அதன் பிறகு சித்தி யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே படுத்துக் கிடந்தார் என்பதும் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அப்போது என் கவனமெல்லாம் அப்பாவின் காலை நேரங்களின் மீது இருந்தது.

அப்பா பேருந்து ஓட்டுநர். அந்த மாதம் அவருக்குப் பிற்பகல் ஷிஃப்ட். இரண்டு விடுமுறைகளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த சைக்கிள் பயிற்சியை இந்த முறை கட்டாயம் ஆரம்பிப்பதாகச் சொல்லியிருந்தார். காலையில் சீக்கிரம் எழுந்து, முடியைக் கட்டிக்கொண்டு நான் தயாராக இருப்பேன். அவரோ சித்தி மகளைச் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்வார்.

மேசைமேல் ஒரு பழைய சீட்டுக்கட்டு இருக்கும். தேசிய சேவைக்காக ராணுவ முகாமில் இருந்தபோது கூடத் தங்கியிருந்த ஒருவர் அப்பாவுக்கு அதில் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தாராம். இப்படி ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் பத்து வருடமாக இருந்தது எனக்கே தெரியாது. முதல் நாள் எங்கள் இருவருக்கும் செய்து காட்டினார். நான் எடுத்த சீட்டைப் பார்க்காமலே சரியாகச் சொன்னார். எப்படி என்று இருவரும்தான் கேட்டோம். அவளை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உனக்கு அப்புறம் சொல்றேம்மா. இப்ப தங்கச்சி கத்துக்கட்டும். ஞாயித்துக்கெழம சித்தி வர்றப்ப அவ செஞ்சு காட்டணும்."

நான் அறைக்குள் போய் அசெஸ்மெண்ட் பயிற்சிப் புத்தகத்தை விரித்துக்கொண்டு, கதவை ஒரு சாண் திறந்து வைத்தேன். அவள் தப்புத் தப்பாகச் சொல்வது நன்றாகவே கேட்டது. கணக்கில் நான் ஒரே தப்பை இரண்டாம் முறை செய்தால் பெருமூச்சு விடுகிற மனிதர், அவள் ஏழாம் முறை தப்பாகச் சொன்னபோது, "பரவால்லடா, மறுபடி பாரு," என்றார். அந்த 'டா'வைத் தன் வாழ்நாளில் அவர் எனக்குச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. யோசித்துப் பார்த்தால் தினமும் சொல்லியிருப்பார். அன்றைக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

அவள் குளிக்கப் போன ஒரு நாள், கட்டை எடுத்து என் கட்டில்மேல் வரிசையாக அடுக்கினேன். கிளப் இரண்டு, ஹார்ட் ஐந்து, ஸ்பேட் எட்டு, டைமண்ட் ஜாக். கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. ஒவ்வொரு சீட்டும் முந்தியதைவிட மூன்று கூடுதல். ஜாக் பதினொன்று, குயின் பன்னிரண்டு, கிங் பதிமூன்று; அதைத் தாண்டினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். சின்னங்களும் அதே வரிசையில் சுற்றிச் சுற்றி வந்தன. யாராவது நடுவிலிருந்து ஒரு சீட்டை உருவினால், அதற்கு மேலே இருந்ததை ஓரக்கண்ணால் பார்த்து மூன்று கூட்டிச் சொல்ல வேண்டியதுதான். கட்டை எத்தனை முறை வெட்டினாலும் வரிசை கெடாது. கலைத்தால் மட்டும் கெட்டுப்போகும்.

கலைத்துவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் அவள் திணறுவதை மனத்துக்குள் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். ஆனால் அதில் என்னை யாரும் பாராட்டுகிற இடம் வரவில்லை. ஆகவே கட்டை அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டு, அன்றிலிருந்து குளியலறைக் கண்ணாடி முன் நின்று வெறுங்கையால் பழகினேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். மகளை அன்றே வீட்டுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. சித்தி சோபாவின் ஓரத்தில், இப்போதே எழுந்து போகப்போகிறவர் போல உட்கார்ந்திருந்தார். அம்மா சுடச்சுடக் கறிபாப் கொண்டுவந்து வைத்தார். சித்தி அதைத் தொடவில்லை. சித்தப்பா மழையைப் பற்றி ஏதோ சொன்னார். அப்பா அதற்குப் பதில் சொன்னார்.

சித்தி மகள் சீட்டுப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். கை வேர்த்துவிட்டது, கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள்.

நான் பெட்டியை எடுத்துப் பிரித்தேன். சீட்டுகளை விசிறிபோல விரித்து நீட்டி, "சித்தி, ஒரு சீட்டு எடுங்க. எங்கிட்டக் காட்டாதீங்க," என்றேன்.

அப்பா பாதி எழுந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். சித்தி என்னை யாரோ போலப் பார்த்துவிட்டு ஒன்றை உருவினார். அந்த இடத்தில் கட்டை வெட்டி, அடியில் வந்த சீட்டை ஓரக்கண்ணால் பார்த்தேன். கிளப் ஒன்பது. கண்ணை மூடி, நெற்றியில் விரல் வைத்து, வேண்டுமென்றே தாமதித்தேன்.

"ஹார்ட் குயின்."

சித்தி கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். சின்னச் சிரிப்புதான். சித்தப்பா குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தார். அம்மா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டார். என் திறமை அவரையும் தாக்கிவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

திரும்பினால் சித்தி மகள் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். அழுவாள், இல்லை சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். 'நீ மட்டும்தான் செய்யணும்னு எழுதியிருக்கா?' என்ற பதிலைக்கூட இரண்டு நாளாகத் தயாராக வைத்திருந்தேன். அவளோ நேராக வந்து தன் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ செய்யேன், அக்கா."

செய்தேன். சித்தி இந்த முறை, "இது எப்படி லா?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அன்று வந்த முதல் வார்த்தை அது. மூன்றாம் முறையும் அவள்தான் கேட்டாள். நான்காம் முறை நான் சீட்டை நீட்டும்போது அப்பாவைப் பார்த்தேன். அவர் கோபமாக இல்லை. சந்தோஷமாகவும் இல்லை. அந்த முகத்தை வைத்து என்ன முடிவுக்கு வருவதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் கிளம்பியபோது மின்தூக்கிவரை எல்லாரும் போனோம். அப்பா சீட்டுப் பெட்டியைச் சித்தி மகளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"அக்காட்டயே இருக்கட்டும், பெரியப்பா. எனக்குத் தப்பாயிடும். அடுத்த தடவயும் அம்மாவக் கூட்டிட்டு வர்றேன், அக்காவே செய்யட்டும்."

தோற்றவள் வேறென்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன். நான்கு முறை வித்தை செய்தும் அவள் ஒரு முறைகூடச் சீட்டைப் பார்க்கவில்லை. கண் எடுக்காமல் தன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், பொறாமை, அதுதான் என் பக்கம் திரும்பவே முடியவில்லை என்று, மின்தூக்கிக் கதவு மூடும்வரை நான் அவளுக்காக இரக்கப்பட்டேன்.