பூட்டில் கைவைக்காத காவலாளி

இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ, லண்டனில் உள்ளூராட்சிக் கவுன்சில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் எங்கள் பூங்கா பூட்டிக்கிடந்தது. அதன் காவலாளி யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த மீசை, காதை மூடிய கம்பளித் தொப்பி. கோரிக்கை அட்டையோடு வாசலில் நின்றவர், இடுப்புச் சாவிக்கொத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாவி கேட்டு வந்த மேலாளர் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்.

“அண்ணை, எனக்கு மட்டும் ஒருக்காத் திறந்துவிடுங்கோவன்,” என்றேன்.

“ஏலாது தம்பி. பூட்டிலை கைவைச்சால் நான் கருங்காலி.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “பின்பக்கம் வேலியிலை ஓட்டை இருக்கு. அதாலை போங்கோ. வழி சொல்லுறது என்ரை வேலையில்லைத்தானே.”

வேலைநிறுத்தம் முடிந்த காலை, கதவைத் திறந்த கையோடு அவர் அந்த ஓட்டையைக் கம்பியால் அடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “இனி வாசலாலை வாங்கோ,” என்றார், முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோல.