ரங்கூனில் இருக்கிறார் என்று சொன்னேன்

பழிவாங்குவதற்காக நான் ஒரு பொய் சொன்னேன். அது பட வேண்டியவர் மேல் பட்டது; படக்கூடாத ஒரு அம்மாள் மேலும் பட்டது.

அந்த அம்மாளின் கணவர், வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் பாலத்தைத் தகர்க்கச் சதி செய்தவர்களில் ஒருவர். மற்றவர்கள் பிடிபட்டார்கள். வெடிமருந்தைக் கொண்டுபோன அவர் மட்டும் திரும்பவில்லை. போலீஸ் சுட்டுவிட்டதாகப் பேச்சு, பிணத்தை யாரும் பார்க்கவில்லை. சில வருடங்கள் பொறுத்துவிட்டு, உறவினர்கள் அந்த அம்மாளின் தாலியை இறக்கி வெள்ளைச் சேலை உடுத்திவிட்டார்கள்.

அவர்களுடைய மகன், எம். புதுப்பட்டி என்ற ஊரில் பட்டாசுக் கம்பெனி வைத்தார். ஒவ்வொரு வருடமும் தினக் காலண்டரில் தகப்பனார் படத்தைப் போட்டு, 'தியாகி' என்று அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுப்பார். அவருடைய மருந்துக் கலவை அறையில்தான் என் தம்பி கருகிச் செத்தான். தம்பி பீடி பற்றவைத்ததாக அவர் போலீசில் எழுதிக் கொடுத்தார். தம்பிக்குப் பீடி நாற்றமே ஆகாது.

நான் அப்போது விருதுநகரில் வரலாற்று ஆசிரியர். நான் சொன்னால் நம்புவார்கள். வத்தல் மண்டிக்குப் பக்கத்து டீக்கடையில் சொன்னேன்: "ரங்கூன்ல இருந்து வந்த ஒருத்தரு அந்தக் காலண்டர் தியாகியப் பாத்திருக்காரு. கூட்டாளிகளைக் காட்டிக் கொடுத்துட்டு ஓடுனவருதான். அங்கன வேற பொண்டாட்டி, புள்ளைக."

"அப்பத் தியாகிக்கு ரங்கூன்லதான் தீவாளியா?" என்று ஒரு தரகர் சிரித்தார்.

அடுத்த வருடக் காலண்டரில் முருகன் படம் வந்தது. அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன்.

அந்த அம்மாளை நான் நினைத்தே பார்க்கவில்லை. துரோகி என்றதை அவர் காதில் வாங்கவில்லை. உயிரோடு இருக்கிறார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, மறுநாளே குங்குமம் வைத்தார். மகன் கெஞ்சியும் அழிக்கவில்லை. கல்யாண வீடுகளில் பெண்கள் விலகி உட்கார்ந்தார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு மகனிடம் போய் ஒப்புக்கொண்டேன். அப்போதும் அவரை நான் மன்னித்திருக்கவில்லை. அந்த அம்மாளுக்காகத்தான் போனேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீக, வாத்தியாரே? அம்மா உள்ள இருக்காக. அவுககிட்டச் சொல்லுங்க."

சொன்னேன்.

"அப்ப அவுக செத்துட்டாகளா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"தெரியாதும்மா."

"தெரியாட்டி எதுக்குய்யா வந்தே? போ. உசுரா, பொணமான்னு கேட்டுட்டு வா."

சூலக்கரை கலெக்டர் அலுவலகத்திலும் மதுரை ஜெயிலிலும் பழைய ஏடுகளுக்காக அலைந்தேன். அவர் பெயர் எதிலும் இல்லை. டீக்கடையில் என் பொய்யை ஒப்புக்கொண்டபோது, "முதலாளி நல்லாக் கவனிச்சுட்டாரு போல!" என்றார்கள்.

இரண்டு வருடம் கழித்து அந்த அம்மாள் இறந்தார். மகன் எனக்கு ஆள் அனுப்பினார். குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். சுமங்கலி என்றால் பூ வைத்து அனுப்புவார்கள், இல்லையென்றால் கிடையாது. பெண்கள் பூச்சரத்தோடு காத்து நின்றார்கள்.

"வாத்தியாரு வந்துட்டாரு, கேட்டுக்கிடுங்க" என்றார் மகன், எல்லோருக்கும் கேட்கும்படி. "பூ வைக்கவா, வேண்டாமா?"

"தெரியாது, அண்ணாச்சி."

"ரங்கூன் வரைக்கும் தெரிஞ்சுச்சே, இது தெரியலையா?" சரத்தைப் பிடுங்கி என் கையில் திணித்தார். "நீங்களே வையுங்க."

அந்நிய ஆண் பூ வைக்கும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. வைத்தேன். பங்காளிகள் இருவர் பாடையைத் தொடாமல் விலகிப் போனார்கள். மகன் காலியான இடத்தைக் காட்டி என்னைப் பார்த்தார். தோள் கொடுத்தேன். கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தவர், சுடுகாடு வரை ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.