பிறந்த அறைக்கு வந்த கல்

அந்தக் கல்லை எங்கள் வீட்டுக்கு இழுத்து வந்தது அம்மாவின் வாய். வேறு யாரையும் நான் குற்றம் சொல்லமாட்டேன்.

யப்பான்காரனுக்குப் பயந்து சனம் ஓடிய காலத்துக்கு முந்தி, ஆரையம்பதியில் ஒரு சங்கம் கூடியது. வெள்ளைக்காரன் வரிக்கு எதிராக ஊர் ஊராகச் சனத்தைத் திரட்டி, பிறகு துரைமாரோடு சரிசமமாக இருந்து பேசி வரியைக் குறைப்பித்த பெரியவர் ஒருவர் இருந்தார். அம்மாவின் அம்மாவுக்குத் தாய்மாமன். அவர் பிறந்த இடத்தில் எழுத்து வெட்டிய கல் நடவேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஆண்கள்தானே, அவருடைய தகப்பன் பேரைப் பிடித்துக்கொண்டு வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குப் போய், அங்கே தகப்பனுடைய வீடு வளவைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து இருப்பார். பிள்ளையும் தாய் வீட்டில்தான் பிறக்கும். சங்கத்தை நடத்திய பள்ளிக்கூட வாத்தியாரை அம்மா தெருவில் மறித்தே கேட்டுவிட்டார்.

"அவர் எங்கட மேற்கு அறையில பிறந்தவர், வாத்தியார். தகப்பனா அவரப் பெத்தது?"

அடுத்த நாளே சங்கம் எங்கள் வீட்டில். அறைக்கு வெள்ளை அடிப்பதாம், சுவரில் கல்லைப் பதிப்பதாம், அறையைப் பூட்டித் திறப்பை வாத்தியார் வைத்திருப்பதாம். அப்போது எனக்கு ஒன்பதாம் மாதம், தலைப்பிள்ளை.

எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அந்த அறையில்தான் பெற்றார்கள். அக்கா மட்டும் வெள்ள வருஷத்தில் மேட்டு வளவு ஒன்றில் போய்ப் பெற்றாள். தாயும் திரும்பவில்லை, பிள்ளையும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு வேறு அறை என்று யாராவது சொன்னாலே நான் எழும்பிப் போய் மேற்கு அறைக்குள் இருந்துவிடுவேன். தன் வாயால் வந்த வினை என்று அம்மாவும் சோறு தின்னாமல் திரிந்தார்.

கல் பதிக்கும் நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி அவரே வாத்தியாரிடம் போனார்.

"கல்லுத் திறக்கத் துரை வாற நாள் குறிச்சாச்சு, அக்கா. மகள் மற்ற அறையில பெறட்டுமே."

"அப்ப கல்ல மற்ற அறையில வைங்க."

வாத்தியார் சிரித்தாரே தவிர நாளை மாற்றவில்லை. பிள்ளை முந்தினால் வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டென்று ஐயர் பூசைக்குப் படியேறமாட்டார். கல் முந்தினால் அறைக்குப் பூட்டு. இவ்வளவுதான் கணக்கு.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிணற்றடிக்கும் வேலிப் படலைக்கும் நடந்தேன். அசைந்தால் பிள்ளை இறங்கும் என்று யாரோ சொல்ல, உலக்கையைப் பிடித்து நெல்லுக் குத்தினேன். நண்டுக் குழம்பு காரமாகத் தின்றால் நோக்காடு வரும் என்றார்கள், குறித்த நாளுக்கு மிச்சமிருந்த மூன்று நாளும் தின்றேன். நல்ல வாவி நண்டு, கையகலம். வயிறு எரிந்ததே தவிர ஒன்றும் நடக்கவில்லை. என்னுடைய மனிசன் வட்டையில் நெல்லு வெட்டுக்குப் போனவர், வயல் காவலை விட்டு வரவுமில்லை.

குறித்த நாளும் வந்தது. வாசலில் பந்தல், தோரணம் எல்லாம் கட்டியாயிற்று. வெள்ளை அடிப்பவன் சுண்ணாம்பு வாளியோடு அறைக்குள் கால் வைக்க, எனக்கு இடுப்பில் பிடித்தது. அம்மா அவனை வாளியோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். மருத்துவிச்சி வந்து பாய் விரித்ததுதான் தெரியும், பிள்ளை அழுதது.

கல் வண்டி படலைக்கு வந்து நின்ற சத்தம் படுத்த படுக்கையில் எனக்குக் கேட்டது. அம்மா படலையை மறித்து நின்றார்.

"துடக்கு வீடு, வாத்தியார். பொம்புளப் புள்ள. முப்பத்தொரு நாள் போகட்டும், மறுகா வாங்க."

துரை வழியில் வந்துகொண்டிருந்தார். கல்லைத் திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது. வேலிக்கு வெளியே, தெரு ஓரத்தில் அவசரமாகக் குழி தோண்டி நட்டார்கள். ஐயர் அங்கேயே நின்று பூசை செய்தார், துரையும் அங்கேயே மாலை போட்டார்.

எனக்கு எழுத்துத் தெரியாது. 'இவ்விடத்தில் பிறந்தார்' என்று வெட்டியிருக்கிறதாம். அவ்வளவு பெரிய மனிதரைத் தாய் தெருவில் பெற்றாள் என்று போகிற வருகிறவர்கள் நினைப்பார்கள். நினைக்கட்டும். மேற்கு அறையில் நான் அதற்குப் பிறகும் நாலு பெற்றேன்.