எதற்கு என்று நான் கேட்கவில்லை

என் ஆறு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. “பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க, ஒரு சின்ன டெஸ்ட்.” அடுத்த செக்கப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நோய் திரும்பிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். எதற்கு என்று கேட்க வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் கோவில்பட்டியில் பஸ் ஏறியதிலிருந்து அவள் கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவிக்கொண்டே போனேன். “கூசுதும்மா” என்று கையைத் தள்ளினாள்.

ஆய்வகத்துப் பெண் ஒரு பஞ்சுக் குச்சியால் அவள் கன்னத்தின் உட்புறத்தைத் தடவி எடுத்தார்.

“திரும்ப வந்துட்டுதா மேடம்?”

அவர் திகைத்துப் போனார். சிகிச்சைக்கு முன் எடுத்த எலும்பு மஜ்ஜையில் கொஞ்சத்தை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தப் புற்றுச் செல்கள் குடுவையில் பிழைத்துப் பெருகிவிட்டனவாம். வேறு யாருடைய செல்லும் கலந்துவிடவில்லை, அவை இவளுடையவைதான் என்று ஒத்துப் பார்க்கத்தான் கன்னத்தில் எடுத்த இந்தச் சாம்பிள்.

“பாப்பாவுக்கு ஒண்ணுமில்லக்கா. போன்லயே சொல்லியிருக்கணும், என் தப்பு.”

“அப்ப அது இன்னும் உயிரோடதான் இருக்கா?”

“எங்க லேப் குடுவையில மட்டும்தான். புது மருந்து வந்தா முதல்ல அதுமேலதான் ஊத்திப் பாப்போம்.”

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். “ஏட்டி, எதுக்குக் கூப்புடுதாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா” என்றார்.

கேட்கப் பயந்து, மூன்று நாள் நானே அவளுக்கு நோயைத் திரும்பக் கொடுத்து வைத்திருந்தேன். ஊர் திரும்பும் பஸ்ஸிலும் என் கை அவள் கழுத்துக்குப் போனது.

“கூசுதும்மா” என்றாள்.

இந்த முறை கூசட்டும் என்றுதான் தொட்டேன்.