ஆறாவது பெயர்

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது என்னைப் பற்றி எனக்கு ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம். மற்ற டீச்சர்கள் பாடத்தை ஒப்பிக்கிறார்கள், நான்தான் பிள்ளைகளை மனிதர்களாக்குகிறேன் என்று நினைப்பு. திங்கட்கிழமை முதல் பீரியடில், பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் தீண்டாமையைக் கண்டித்து அச்சடித்திருக்கும் வரிகளை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிட வேண்டும். இதெல்லாம் என் ஏற்பாடு.

வரிகளைச் சொல்ல நான் வைத்திருந்தது இரண்டாவது பெஞ்சுப் பெண்ணை. அப்பா திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். அவளுக்குக் கணீரென்ற குரல். பக்கத்தில் உட்காரும் அஸ்தினாபுரத்துப் பெண்ணும் இவளும் தினமும் டிபன் பாக்ஸை மாற்றிக்கொண்டுதான் சாப்பிடுவார்கள். அந்தத் தயிர்சாதம் இவளுக்கு, இந்தப் புளிச்சோறு அவளுக்கு.

ஒரு வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்தது. எல்லோரும் செய்கிற மாதிரிதான் நானும் செய்தேன். "எஸ்.சி. பிள்ளைங்க எழுந்து நில்லுங்க" என்றேன். ஐந்து பேர் எழுந்தார்கள். ரிஜிஸ்டரில் ஆறு பெயர். ஆறாவது அவளுடையது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். காது கேட்கவில்லையா என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். வேலை முடிந்தால் போதும் என்ற அவசரம் எனக்கு. மெதுவாக எழுந்தாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. பக்கத்துப் பெண் தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மதியம் வட்டத்தில் அவள் இல்லை. குழாயடியில் நின்று தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா இங்க நிக்கிற? உள்ள வா."

"என் பாக்ஸ்ல சாப்புடக் கூடாதுன்னு அவ அம்மா சொல்லிட்டாங்களாம் மிஸ்." பிறகு பாக்ஸைப் பார்த்துக்கொண்டே, "நான் எழுந்திருக்கலன்னதும் நீங்க வுட்டிருக்கலாம் இல்ல மிஸ்? அப்பால உங்களாண்ட வந்து நானே ஃபாரம் வாங்கினு போயிருப்பேன்" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குரலில் கோபமே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. டீச்சர் மாணவியிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை என்று இன்றுவரை எனக்கு நானே சால்ஜாப்பு சொல்லிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை வந்தது. எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்ற நப்பாசையில் அவளையே வரிகளைச் சொல்லச் சொன்னேன். எழுந்தாள். வாய் திறக்கவில்லை. பதறிப்போய் முதல் பெஞ்சுப் பையனைச் சொல்லச் சொன்னேன். அவன் கத்தினான். நாற்பது பேரும் திருப்பிக் கத்தினார்கள். நான் தப்பித்தோம் என்று போர்டுப் பக்கம் திரும்பிப் பாடத்தை ஆரம்பித்தேன். போர்டு முழுக்க எழுதி முடித்துத் திரும்பியபோது அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல மறந்திருந்தேன்.