சுறா எண்ணெய் ஊற்றிய தகர எஞ்சின்

எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். கைவேலையில் எங்கள் கற்பிட்டி ஊரிலேயே என்னை வெல்ல ஆளில்லை என்ற எண்ணம் மட்டும் நிறைய இருந்தது. மசக்கையில் ஒன்றுமே வயிற்றில் தங்காத என் மகள், "உம்மா, உங்கட கட்டாக் கருவாடு மட்டும் தின்னலாம் போலீக்கி" என்றாள். அந்தக் கட்டா மீன் காயும்போது ஈயை விரட்ட, மருமகன் கைபேசியில் காட்டிய ஸ்டேர்லிங் எஞ்சினை நானே செய்தேன். மீன் டின்னுக்கு அடியில் விளக்கு வைத்தால் உள்ளிருக்கும் காற்று சூடாகித் தண்டைத் தள்ளும், ஆறி இழுக்கும்; தண்டு காகித விசிறியைச் சுழற்றும்.

என்னுடையது இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது.

"தண்டு இறுகுது மாமி. தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்" என்றார் மருமகன்.

"தோணிக்கே சுறா எண்ணெய் பூசின குடும்பம் நாங்க. எனக்குப் படிப்பிக்க வாறீங்களா?" என்று சுறா எண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன்.

சூட்டில் அது பிசினாகித் தண்டைப் பிடித்துக்கொண்டது. நாற்றத்துக்கு ஊர் ஈயெல்லாம் வந்து, நின்றுபோன விசிறியின் மேலேயே குந்தி, கருவாட்டையும் மொய்த்தது. தோற்றதைக் காட்டிக்கொள்ளாமல், கீறிக் காயவைத்த கருவாட்டின் மடிப்பைக்கூட விரித்துப் பார்க்காமல் கட்டிக் கொடுத்தேன்.

மகள் பொதியை அவிழ்த்தாள். மடிப்புக்குள் வெள்ளைப் புழு நெளிந்தது. வாந்தி எடுத்து எடுத்து மயங்கியவளுக்கு ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். சீ! அந்தப் புழுவைவிட என் வாய்தான் எனக்கு அருவருப்பு.

அல்லாஹ் காப்பாற்றினான். இப்போது தண்டைக் கழுவித் துடைத்து, ஊசி முனையால் ஒரு சொட்டு மெசின் எண்ணெய்தான் வைக்கிறேன். விசிறி நன்றாகச் சுற்றுகிறது. கருவாட்டை மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தே கட்டுகிறேன். மகள்தான் இன்னும் பொதியைத் தொடமாட்டேன் என்கிறாள்.