குளம்பிலிருந்து மேலே

வெர்ன் ஹாஸ்கெல் குதிரை ஓவியத்தைக் குளம்பிலிருந்து மேல்நோக்கித்தான் பார்ப்பார். குளம்பு, கணுக்கால், அங்கவடி, சேணம், கடிவாளம். கடைசியில், மனமிருந்தால், மனிதனின் முகம். "மூஞ்சி எப்படி இருந்தா என்ன? குதிரை அதையா பாக்குது?" என்பார்.

அறுபத்திரண்டு வயது. ரூபி மலையடிவாரத்துப் பண்ணையில் நாற்பது வருடமாகக் குதிரைமேல் இருந்து மாடு ஓட்டுகிறார். காப்பிக்கு ஐந்து கரண்டி சர்க்கரை. தொப்பியை மேசைமேல் மல்லாத்தித்தான் வைப்பார். கவிழ்த்தால் அதிர்ஷ்டம் கொட்டிப்போகுமாம். தேவாலயத்துக்குள், குதிரையை முடுக்கக் காலணியில் மாட்டும் குதிமுள் கலகலக்க நடந்து பாதிரியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுமுண்டு.

இவரைப் போல மாடு ஓட்டுபவர்களையே வரைந்து பிழைக்கும் நான், வெர்ன் தலையாட்டாமல் எந்தப் படத்தையும் வெளியே அனுப்புவதில்லை. பட்டது போதும். இடவலம் மாறி அச்சான புகைப்படத்தைப் பார்த்து ஒருமுறை வரைந்துவிட்டேன். எல்லாரும் இடப்பக்கமாக ஏறும் குதிரையில் என் ஆள் வலப்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தான். "அவன் இன்னும் உயிரோட இருக்கானா லோரெட்டா?" என்று கடைத்தெருவில் இன்றும் கேட்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை, ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த கண்காட்சிக்குப் படம் ஏற்ற வண்டி வந்து நின்றது. படத்தில் இருப்பது வெர்னும் அவருடைய குதிரை பட்டனும்தான். அவர் இறங்கி நின்று காப்பி குடிக்கிறார். பக்கத்தில் சேணத்தோடு பட்டன். அன்றுதான் படத்தைப் பார்க்க வந்திருந்த வெர்னின் பார்வை குளம்பில் தொடங்கி, குதிரையின் வயிற்றருகே நின்றுவிட்டது.

"ஏம்மா, இதுல நான் எவ்வளவு நேரமா காப்பி குடிக்கிறேன்?"

"ஒரு பத்து நிமிஷம்னு வச்சுக்குங்களேன்."

"பத்து நிமிஷமா அது வயித்துல சேணப்பட்டையை இறுக்கியே வச்சிருக்கேனா? இறங்கினதும் தளத்தி விட வேணாமா? அது மூச்சு விட வேணாமா?"

வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "பெரியவரே, பட்டையை எவன் பாக்கப்போறான்? இப்ப ஏத்தலைன்னா நான் கிளம்பிடுவேன்."

"என்னைத் தெரிஞ்ச ஒவ்வொருத்தனும் பாப்பான்யா. எந்தக் குதிரைக்கும் நான் அப்படிச் செஞ்சதில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. குரல் இறங்கியிருந்தது, அதுதான் என்னைச் சுட்டது. என் கண்காட்சியைப் பற்றி நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கோ நாற்பது வருடப் பெயர்.

"கால் மணி நேரம் கொடுங்க," என்று வண்டிக்காரரைக் கெஞ்சிவிட்டுத் தூரிகையை எடுத்தேன். நல்லவேளை, சீக்கிரம் காயும் சாயம். பழைய பட்டையை மூடிவிட்டு, வயிற்றுக்குக் கீழே தளர்ந்து தொங்கும்படி புதிதாக வரைந்தேன். வண்டிக்காரர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார்.

வெர்ன் மறுபடி குளம்பிலிருந்து ஆரம்பித்தார். வயிற்றருகே வந்ததும் கிட்டப் போனார். வலக்கையில் இரண்டு விரலைச் சேர்த்து, சாயத்தில் படாமல், நிஜப் பட்டையின் தளர்வைச் சோதிப்பதுபோல, பட்டைக்கும் பட்டனின் வயிற்றுக்கும் நடுவே விட்டுப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.